ஆடி மாதத்து முதலீட்டாளர்

வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன். ஐம்பத்தோரு வயதில் நான் கும்மிடிப்பூண்டியில் வாடகைக்கு விடுவதற்கென்று ஒரு அடுக்குமாடி வீடு வாங்கினேன். கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய ஒரு விற்பனைப் பிரதிநிதி என்னை “இன்வெஸ்டர் சார்” என்று கூப்பிட்டார், அதனால் வாங்கினேன். வேறு காரணங்களையும் பிற்பாடு கண்டுபிடித்து என் மனைவியிடம் சொன்னேன். அவை எல்லாம் பொய்.

அதற்கு முன் என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. திருவள்ளூரில் ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருக்கிறேன். மனு கொடுக்க வருகிறவர்கள் ஐயா என்பார்கள். மனுவைத் திருப்பி அனுப்பினால் மாடிப்படி இறங்கும்போது வேறு ஏதோ சொல்வார்கள். சிறிய பத்திரிகைகளில் எப்போதாவது நகைச்சுவைக் கட்டுரை எழுதுவதால் நாலைந்து பேர் என்னை எழுத்தாளர் என்று கூப்பிடுவதுண்டு. அதில் இரண்டு பேர் கிண்டலுக்குச் சொல்கிறார்கள். எந்த இரண்டு பேர் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. இன்வெஸ்டர் என்பதில் அந்தச் சந்தேகத்துக்கு இடமில்லை. அந்தப் பிரதிநிதி அதை முழு மரியாதையோடு சொன்னார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை திருவள்ளூர் ரயில் நிலையத்து வாசலிலிருந்து வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பெரியபாளையம் வழியாக ஒன்றரை மணி நேரம். வேனில் என்னோடு ஒன்பது பேர். அதில் பாதிப் பேர் சாப்பாட்டுக்கு வந்தவர்கள் என்பது சாம்பார் சாதப் பொட்டலம் பிரித்தபோது தெரிந்தது. கட்டடத்தைச் சுற்றிக் காட்டிவிட்டு, இரண்டாவது மாடியில் ஒரு வீட்டின் பால்கனியில் என்னைக் கொண்டுபோய் நிறுத்தினார் பிரதிநிதி. எதிரே தொழிற்பேட்டையின் தகரக் கூரைகள். நடுவில் புகைபோக்கிகள். தூரத்தில் தண்ணீர் இல்லாத ஓர் ஏரி.

“எத்தினி கம்பெனி இருக்கு பாருங்க சார். ஒவ்வொண்ணுலயும் மேனேஜர் இருக்காங்க. ஒரு கம்பெனிக்கு நாலு பேர்னு வெச்சுக்கோங்க. அத்தனை மேனேஜரும் எங்க சார் தூங்குவாங்க?”

அத்தனை மேனேஜர்களும் தூங்க இடமில்லாமல் நிற்பது என் பொறுப்பு போலத் தோன்றியது. அந்த வாரமே முன்பணம் கட்டினேன். மனிதர்கள் எப்படியெல்லாம் ஏமாந்து சொத்து வாங்குகிறார்கள் என்பதைப் பற்றித் தடித்தடியாக எத்தனையோ புத்தகம் படித்திருக்கிறேன். அவற்றில் அடிக்கோடு கூடப் போட்டிருக்கிறேன்.

திருவள்ளூர் மணவாள நகரில் எங்கள் சொந்த வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். கணக்கில் ஒன்றும் கேட்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

“குடி வரப்போறது யாருங்க?”

“மேனேஜர்.”

“பாத்துட்டீங்களா?”

“இனிமேதான்.”

அவள் விடைத்தாள் கட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பத்திரப் பதிவு ஆனி மாதக் கடைசி வாரத்தில் நடந்தது. ஆடி பிறந்துவிட்டால் எங்கள் பக்கத்துப் பதிவு அலுவலகங்களில் ஆள் நடமாட்டம் இருக்காது. யாரும் நிலம் வாங்க மாட்டார்கள், வீடு மாற மாட்டார்கள், கல்யாணம் செய்ய மாட்டார்கள். அதனால் ஆனி முடிவதற்குள் வாங்கியவனும் விற்றவனும் சாட்சியும் சாட்சிக்குத் துணைக்கு வந்தவனும் அந்த வராந்தாவில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பார்கள். நானும் நின்றேன். ராகு காலம் பார்த்து அலுவலகத்துக்கு வருகிறவர்களைக் கிண்டல் செய்து நான் எழுதிய கட்டுரை ஒன்று அதற்கு முந்தைய ஆண்டு வெளியாகியிருந்தது. அதை நாலு பேர் பாராட்டினார்கள் (மேலே சொன்ன நாலைந்து பேரில் அடக்கம்). வராந்தாவில் வியர்வையோடு நின்ற மூன்று மணி நேரமும், இந்தக் கூட்டத்தை நான் வெளியிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

சாவி கைக்கு வந்தது ஆனியின் கடைசி நாள். மறுநாள் ஆடி ஒன்று.

அன்றைக்கு விடுப்புப் போட்டுவிட்டுத் தனியாகப் போய் வீட்டைத் திறந்து பார்த்தேன். புது வெள்ளை டைல்ஸ். ஒரு வாரம் பூட்டிக் கிடந்ததற்குள் அதன்மேல் மெல்லிய கருப்புப் படலம். விரலால் தொட்டால் விரல் கருப்பானது. பக்கத்தில் இரும்பு உருக்குகிறார்கள் என்றார் வாட்ச்மேன். “தெனம் ரெண்டு வாட்டி தொடச்சா ஒண்ணும் தெரியாது சார்” என்றும் சொன்னார். கூடத்தின் நடுவில் நின்றேன். சொத்து வாங்கியவனுக்கு ஏதோ தோன்றும் என்கிறார்கள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மின்விசிறிக்காக விட்டிருந்த கொக்கியைக் கொஞ்ச நேரம் பார்த்தேன். பிறகு பால்கனிக் கம்பியில் ‘வீடு வாடகைக்கு’ என்று நானே எழுதிய அட்டையைக் கட்டினேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும்.

திரும்பும் வழியில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் வீட்டுத் தரகரைப் போய்ப் பார்த்தேன். ஆந்திரா பக்கத்து ஆள். கோபம் வந்தாலும் பாசம் வந்தாலும் எதிரில் இருப்பவரை நைனா என்பார்.

“இன்னா சார், இன்னைக்கு ஆடி ஒண்ணு. இப்ப வந்து நிக்கிறீங்க?”

“அதெல்லாம் நான் பாக்கிறதில்லை.”

“நீங்க பாக்கலைன்னா? வர்றவன் பாப்பான். சரி, எவனோ பாக்காதவன் வந்துட்டான்னு வெச்சுக்கோங்க. புது ஊட்ல மொத மொத ஆடியில பால் காச்சுனா ஊடு நிக்காது நைனா. அவனும் நிக்க மாட்டான், அவனுக்குப் பொறவு வர்றவனும் நிக்க மாட்டான். நான் சொல்லல. நாலு பேரக் கேட்டுப் பாருங்க.”

நான் சிரித்தேன். படித்தவனுடைய சிரிப்பு. அதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. யாருடைய ஆதாரையோ ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஒரு பெண் கைபேசியில் அழைத்தார். அட்டையைப் பார்த்தாராம். சனிக்கிழமை மத்தியானம் ஷிஃப்ட் முடிந்து வருகிறேன் என்றார். நானும் போனேன்.

நாற்பது வயது இருக்கும். நீல நிற ஓவர்கோட்டை மடித்துப் பைக்குள் வைத்திருந்தார். இயந்திரச் சத்தத்துக்குக் காதில் செருகிக்கொள்ளும் மஞ்சள் தக்கை இரண்டும் நூலில் கோத்துக் கழுத்தில் தொங்கின. கார்களுக்கு உள்ளே போகும் வயர்களைக் கட்டுகட்டாகக் கட்டும் தொழிற்சாலையில் எட்டு வருடமாக வேலை. ஒப்பந்தத்தில்தான் இருக்கிறார். வீட்டுக்காரருக்கு அத்திப்பட்டில் அனல் மின் நிலையத்துப் பக்கம் நிலக்கரி வேலை. அதுவும் ஒப்பந்தம்தான். பத்தாவது படிக்கும் பெண் ஒன்று.

அவர் வீடு பார்த்த மாதிரி நான் அந்த வீட்டை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. எல்லாக் குழாயையும் திறந்து மூடினார். குளியலறைச் சுவரில் உள்ளங்கையை வைத்து ஈரம் இருக்கிறதா என்று பார்த்தார். சிலிண்டர் எங்கே நிற்கும், துணி எங்கே காயும், மீட்டர் தனியா, தண்ணீர் எத்தனை மணிக்கு விடுவார்கள் என்று கேட்டார். எனக்குப் பாதிக்குப் பதில் தெரியவில்லை. டைல்ஸைக் காலால் தேய்த்துப் பார்த்து, “கரி எல்லா ஊட்லயும் இருக்குது சார், அத்த உடுங்க” என்று அவரே எனக்கு ஆறுதல் சொன்னார். பால்கனிக்குப் போனவர் ஏரியையோ புகைபோக்கியையோ பார்க்கவில்லை. கீழே தெருவைப் பார்த்துக் கணக்குப் போட்டார்.

“அஞ்சரைக்கு எறங்குனா அஞ்சே முக்காலுக்கு கேட்ல இருப்பேன்.”

ஆறு மணி ஷிஃப்ட். ஆறு ஐந்துக்குப் போனால் கேட்டை மூடிவிடுவார்கள். இப்போது இருக்கும் வீட்டை இடித்துக் கட்டப் போகிறார்கள், இங்கிலீஷ் மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும் என்று சொன்னார். பன்னிரண்டு நாள்தான் இருந்தது.

“கெடைக்கலைன்னா செவ்வாப்பேட்டையில எங்கம்மா ஊடு கீது. அங்க போனா வேலைய மறந்துட வேண்டியதுதான் சார். இந்த வருசம் பர்மனென்ட் பண்றோம்னு சொல்லிக்கினு இருக்காங்க. எட்டு வருசம் ஆச்சு, இப்ப போயி உட்டுட்டு…”

“அத்திப்பட்டு பக்கம் பாத்தீங்களா? அங்கேருந்து ரயில் இருக்குமே.”

“பாத்தோம் சார். அங்கயும் ஆடிதான்.”

சொல்லிவிட்டு, “எனக்குப் புடிச்சிருக்கு. நாளைக்கு ஞாயித்துக்கெழமை, அவரும் லீவு. சாமான் ஏத்திகினு வந்துடட்டுமா?” என்று கேட்டார். அட்வான்ஸைக் கையிலேயே கொண்டு வந்திருந்தார். மூன்றாக மடித்த ஒரு துணிப்பையில்.

அப்போதுதான் என் வாய் அந்த வாக்கியத்தைச் சொன்னது. நான் யோசித்துச் சொன்னதாக ஞாபகம் இல்லை. அலுவலகத்தில் மனுவைத் திருப்பி அனுப்பும்போது வருகிற அதே குரல்.

“ஆவணியில முதல் முகூர்த்தத்துல வந்துடுங்கம்மா.”

“ஆவணியா? நாங்க சர்ச்சுக்குப் போறவங்க சார். எங்களுக்கு ஆடி, ஆவணி எல்லாம் ஒண்ணுதான்.”

“உங்களுக்கு இல்லம்மா. வீட்டுக்கு. புது வீடு, முதல் குடித்தனம்.”

அவர் சுவர்களை ஒரு சுற்றுப் பார்த்தார்.

“ஊடு இன்னா சார், இந்துவா?”

கிண்டலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. நல்ல வரி, எழுதி வைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்தேன். அன்று நான் நினைத்தது அதுதான். அதற்கு மேல் ஒன்றும் நினைக்கவில்லை. அவர் துணிப்பையை மறுபடியும் மூன்றாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, “மனசு மாறுனா ஒரு போன் பண்ணுங்க சார்” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

கும்மிடிப்பூண்டியும் செவ்வாப்பேட்டையும் ஒரே மாவட்டம். ஆனால் ரயில் பாதை வேறு வேறு, செவ்வாப்பேட்டை எங்கள் திருவள்ளூர்ப் பாதையில் இருக்கிறது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக வேண்டுமானால் சென்னைக்குள் போய், பேசின் பிரிட்ஜில் இறங்கி, அடுத்த பாதையில் ரயில் பிடித்துத் திரும்ப வர வேண்டும். அன்று சாயங்காலம் நான் அப்படித்தான் வீடு திரும்பினேன். பேசின் பிரிட்ஜ் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து, எதிர்த்திசையில் ஒருவர் இதே வழியில் விடிகாலை ஆறு மணிக்குள் கும்மிடிப்பூண்டி கேட்டில் நிற்க முடியுமா என்று கைபேசியில் ரயில் நேரம் பார்த்தேன். முடியாது. முதல் ரயிலில் ஏறினாலும் முடியாது. நேரத்தைச் சரிபார்த்துவிட்டு ஒரு கடலைப் பொட்டலம் வாங்கித் தின்றேன்.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். அந்த இந்து வீடு வரியை நன்றாக நடித்துக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை.

“ஆடின்னு நீங்களா சொன்னீங்க?”

“ஆமா.”

“நான் ஏதாவது சொன்னேனா?”

“இல்லை.”

“அப்ப எனக்காகச் செய்யலை.”

“பொதுவா ஒரு இது இருக்கில்ல. பின்னாடி யாராவது ஏதாவது சொல்லிட்டா…”

“ராகு காலம்னு ஒரு கட்டுரை எழுதினீங்களே, அது யாருக்காக?”

எழுத்து வேறு, வீடு வேறு என்றேன். இதை எழுதும்போது அந்தப் பதில் எனக்கே அசிங்கமாக இருக்கிறது. அன்று இல்லை. அன்று அது நியாயமாக, கொஞ்சம் கெட்டிக்காரத்தனமாகக்கூடத் தெரிந்தது.

உண்மை என்ன என்பதையும் சொல்லிவிட வேண்டும். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையோடு ஒரு மேனேஜர் அதே ஆடி மூன்றாம் தேதி வந்து நின்று, நாளைக்கு வந்துவிடட்டுமா என்று கேட்டிருந்தால், பாலை நானே வாங்கி வந்து, நானே காய்ச்சி, அவர் கையில் டம்ளரைக் கொடுத்திருப்பேன். ஆடி என்பது நாக்கு நுனியில் தயாராக இருந்தது, எடுத்துக்கொண்டேன். கழுத்தில் தக்கை தொங்கவிட்ட ஒருவர் என் முதல் குடித்தனமாக வருவதை அந்த இன்வெஸ்டர் எதிர்பார்த்திருக்கவில்லை. அவர்கள் யார், எந்தச் சேரியிலிருந்து வந்தவர்கள், அப்பா யார் வயலில் கூலி வேலை பார்த்தார் என்றெல்லாம் நான் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதற்காக என்னை நானே மெச்சிக்கொண்டது வேறு நினைவிருக்கிறது. ஆடி இருக்கும்போது எதற்குக் கேட்க வேண்டும்?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவருடைய வீட்டுக்காரர் மணவாள நகருக்கே வந்துவிட்டார். செவ்வாப்பேட்டையில் மாமியார் வீட்டில் தங்கி, காலையில் சர்ச் முடிந்து, ரயிலேறி, விசாரித்து வந்திருக்கிறார். வெள்ளைச் சட்டை, கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். நகத்தோரம் மட்டும் கருப்பு போகவில்லை.

“சார், உங்க நம்பிக்கையத் தப்புன்னு சொல்ல வரல. ஒரு வழி யோசிச்சுகினு வந்தோம்.”

“சொல்லுங்க.”

“பால் காச்சுறதுதான சார் குடி வர்றது? நாங்க காச்ச மாட்டோம். அடுப்பே பத்த வெக்க மாட்டோம். காலையில கீழ கடையில நாஷ்டா, மத்தியானம் ரெண்டு பேருக்கும் கம்பெனியில, பாப்பாவுக்கு இஸ்கூல் பக்கத்துல எங்க அக்கா ஊடு. ராத்திரிக்குப் பார்சல் வாங்கிக்கறோம். சும்மா படுத்துகினு எழுந்து போறோம். வாடகை குடுத்துடறோம். ஆவணி பொறந்ததும் நீங்க ஒரு நாள் பாத்து, நீங்களே பால் காச்சி, இன்னைக்குத்தான் வந்தாங்கன்னு வெச்சுக்கோங்க. அதுவரைக்கும் நாங்க குடி வந்ததாவே கணக்கு வெக்காதீங்க.”

மனைவி காப்பியோடு வாசற்படியில் நின்றிருந்தாள். டம்ளரை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். ஒரு மனிதர், சொந்தமாக வாடகை கொடுத்து, சொந்தமாகச் சமைக்காமல், ஒரு மாதம் என் வீட்டில் இல்லாதவர் போல இருக்கத் தயாராக வந்திருக்கிறார். எனக்கு ஏதாவது தோன்றியிருக்க வேண்டும். மரத்துப்போன காலைத் தொட்டுப் பார்ப்பது போல மனசைத் தொட்டுப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

“யோசிச்சு சொல்றேனே.”

“சீக்கிரம் சொல்லுங்க சார். வர்ற வெள்ளிக்கெழம ஜேசிபி வருது.”

அவர் போன பிறகு மனைவி கேட்டாள். “இதுல யோசிக்கிறதுக்கு என்ன இருக்கு?”

“போன் பண்ணி வரச் சொல்லிடறேன்.”

“இப்ப பண்ணுங்க.”

“வீட்டுக்குப் போய்ச் சேரட்டும்.”

திங்கட்கிழமை கோப்புகள் அதிகம். செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமையாக இருந்தது. புதன்கிழமை சாப்பாட்டு நேரத்தில் கைபேசியை எடுத்து அவர் எண்ணைத் தேடிப் பிடித்தேன். அதற்குள் பக்கத்து மேசைக்காரர் ஒரு ஜோக் சொன்னார். வியாழக்கிழமை என்ன செய்தேன் என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. இந்த நான்கு நாளும் நான் மறுக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தினமும் காலையில் பல் தேய்க்கும்போது சம்மதித்துக்கொண்டுதான் இருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அழைத்தேன். அந்தப் பெண்தான் எடுத்தார். பின்னால் வண்டிச் சத்தம். யாரோ, “பீரோவைப் படுக்க வைக்காதடா, கண்ணாடி போயிடும்” என்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

“வரலாம்மா. இன்னைக்கே வரலாம்” என்றேன்.

“ஹலோ? யாரு? ஆங், சார்… சாமான் ஏத்தியாச்சு சார். டெம்போ கெளம்பிகினு கீது. செவ்வாப்பேட்டைக்கு வாடகை பேசியாச்சு.”

“வண்டிய இங்க திருப்பச் சொல்லுங்களேன்.”

“அம்மா அங்க ஊட்ட ஒழிச்சுப் போட்டுட்டாங்க சார். அவரு முன்னாடியே போய்ட்டாரு. பரவால்ல சார்.”

“வேலை?”

“பாக்கலாம் சார்” என்றார். அதற்குள் டெம்போக்காரர் ஹாரன் அடித்தார். வைத்துவிட்டார்.

ஆவணி முதல் முகூர்த்தத்தில் நானும் மனைவியும் போய்ப் பால் காய்ச்சினோம். புது ஸ்டவ், புதுப் பாத்திரம். பால் பொங்கியது. ஆளுக்கு அரை டம்ளர் குடித்தோம், வாட்ச்மேனுக்கு ஒன்று கொடுத்தோம், மிச்சத்தை என்ன செய்வது என்று தெரியாமல் ஒரு பாட்டிலில் ஊற்றித் திரும்பக் கொண்டு வந்தோம். கரிப் படலத்தில் எங்கள் கால் தடங்கள் மட்டும் சமையலறைக்கும் வாசலுக்குமாகப் பதிந்திருந்தன. மனைவி ஒரு துணியை நனைத்துத் துடைக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டாள்.

தரகர் ஆட்களை அழைத்து வந்துகொண்டுதான் இருந்தார். ஒருவருக்குத் தெற்குப் பார்த்த வாசல் பிடிக்கவில்லை. ஒருவர் பதினாலு பேரைத் தங்க வைக்கலாமா என்று கேட்டார். மேனேஜர்களைப் பற்றிக் கேட்டதற்குத் தரகர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“மேனேஜரா? அவங்கல்லாம் சென்னையில இருக்காங்க நைனா. காலைல கம்பெனி கார் கொண்டாந்து எறக்கும், சாயங்காலம் கொண்டு போவும். இங்க எந்த மேனேஜர் தூங்குறான்? தூங்குனா ஆபீஸ்ல தூங்குவான்.”

அப்போதும் கோபம் வரவில்லை. புரட்டாசி வந்தது, ஐப்பசி வந்தது. மாதா மாதம் வங்கி தன்னுடையதை எடுத்துக்கொண்டது. நான் மாதத்துக்கு ஒருமுறை பேசின் பிரிட்ஜ் வழியாகப் போய், கதவைத் திறந்து, கரியைத் துடைத்து, பூட்டிவிட்டு வந்தேன். முதலீட்டாளர் செய்கிற வேலை இதுதான் என்று பழகிவிட்டது.

பழகாமல் இருந்தது ஒன்றே ஒன்றுதான். அந்தக் குடும்பம். எனக்கு உணர்ச்சியாக ஒன்றும் வரவில்லை. ஆனால் வாக்கியங்கள் வந்தன. அது என் தொழில் கோளாறு. எங்கேயாவது அவரைப் பார்த்தால் என்ன சொல்வது என்று மனசுக்குள் எழுதி, அடித்து, திருத்தி எழுதிக்கொண்டே இருந்தேன். தவறு என்னுடையது, ஆடி ஒரு சாக்கு, நான்கு நாள் போன் செய்யாததற்கு மன்னிப்பே கிடையாது என்று தெரியும், இப்போதும் வீடு காலிதான், பாதி வாடகைக்கு வாருங்கள், அந்த வேலை மறுபடியும் கிடைக்குமா என்று நானும் வந்து கேட்கிறேன். எழுதி முடித்தபோது அது நல்ல உரைநடையாகவே வந்திருந்தது. ஒரு குடும்பத்தின் தலையெழுத்தை மாற்றியவன் என்கிற பாரம் அதில் தெரிந்தது. செவ்வாப்பேட்டையில் ஒரு வீட்டில் இரவுச் சாப்பாட்டின்போது என்னைச் சபிப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன். அப்படி நினைப்பதில் ஒருவித நிம்மதி இருந்தது.

பொங்கலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது வேட்டி எடுக்கத் திருவள்ளூரில் ஒரு ஜவுளிக் கடைக்குப் போனேன். முதல் மாடியில், படி முடிகிற இடத்தில், கடைச் சீருடைப் புடவையில் நின்றிருந்தார் அந்தப் பெண்.

“வாங்க சார்” என்றார்.

அவர் முகத்தில் கோபம் இல்லை. அது பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டேன்.

“நல்லா இருக்கீங்களா? கும்மிடிப்பூண்டி வேலை என்ன ஆச்சு?”

“அத ஏன் கேக்குறீங்க சார். ரெண்டு நாள் போய்ப் பாத்தேன். ஆறே முக்காலுக்குத்தான் போய்ச் சேர முடிஞ்சுது. ரெண்டு நாளும் கேட்லயே திருப்பி அனுப்பிட்டாங்க. மூணாவது நாள் நானே போவல. என் கூட வேல செஞ்ச எட்டு பேர பர்மனென்ட் பண்ணிட்டாங்களாம். வேட்டியா சார், சட்டையா?”

நான் என் உரையை ஆரம்பித்தேன். முதல் இரண்டு வாக்கியங்கள் திட்டப்படி வந்தன. தவறு என்னுடையது என்றேன். ஆடி என்பது வெறும் சாக்கு என்றேன். மூன்றாவது வாக்கியத்தில் என் குரல் லேசாக உடைந்தது. அதில் எனக்கே கொஞ்சம் திருப்தி ஏற்பட்டது என்பதையும் மறைக்கவில்லை. அந்த வீடு இப்போதும் காலியாகத்தான் இருக்கிறது, நீங்கள் வருவதானால், என்று முடித்தேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். நடுவில் பின்னால் வந்த ஒரு குடும்பத்துக்கு, “பட்டு மேல மாடியில மா” என்று வழி சொன்னார். பிறகு என் முகத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தார்.

“தப்பா நெனச்சுக்காதீங்க சார். நீங்க எந்த ஊடு? அந்த மாசம் பதினோரு ஊடு பாத்தோம், அவரும் அடுப்பு பத்த வெக்க மாட்டோம்னு எல்லார் ஊட்டுக்கும் போயி சொல்லிப் பாத்தாரு. எல்லாருமே ஆவணின்னுதான் சொன்னாங்க. உங்களுது மாடியா, கீழயா?”